தலைப்பு குழந்தைகள் வாயிலிருந்து வர வேண்டும்

வகுப்புக்குள் நுழைந்து, ‘இன்றைக்கு நாம் படிக்கப்போவது ஒளி’ என்று ஓர் ஆசிரியை சொன்னால் அதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அன்று முதல் அடையாற்றில் இருக்கும் எங்கள் பி.எட். கல்லூரியில் எனக்கு வஜீஹா என்ற பெயர் போய், ‘அந்தக் கேள்வி கேட்ட பொண்ணு’ என்ற பெயர் வந்தது.

பதில் சொன்னவர் முனைவர் ஜெயலக்ஷ்மி மேடம். அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்று எங்களுக்குக் கற்பித்தவர் அவர்தான். “தலைப்பை டீச்சர் சொல்லவே கூடாது. குழந்தைங்க வாயிலேர்ந்து வரணும். நீங்க கேள்வி மேல கேள்வி கேட்டு, அவங்களே தன்னால ‘ஒளி’ன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் போர்டுல எழுதணும். நீங்களா சொல்லிட்டா அது டீச்சிங் இல்ல, அனௌன்ஸ்மென்ட். லெக்சர் மெத்தட் செத்துப்போச்சு, புரியுதா?” லெக்சர் மெத்தட் செத்துப்போன விவரத்தை மேடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து, காபி வரும்வரை நிறுத்தாமல் சொன்னார். நடுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவருக்குப் பிடிக்காது.

பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் எங்களை எங்களிடமே பழக்கினார்கள். ஒருவர் ஆசிரியர், மற்ற எல்லோரும் ஏழாம் வகுப்புக் குழந்தைகள். சாய்சரண் என்று ஒருவர் எங்களோடு படித்தார். பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர், பாதித் தலை வழுக்கை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவருக்கு ‘மெல்லக் கற்கும் மாணவன்’ வேஷம். முதல் நாள் அவர் அதை நன்றாகச் செய்து தொலைத்துவிட்டார், அதனால் அதுவே நிரந்தரமாகிவிட்டது. “சாய்சரண், எவ்வளவு நேச்சுரலா முழிக்கிறீங்க,” என்று மேடம் வாய்விட்டுப் பாராட்டுவார். பாவம், அவர் உண்மையாகவே முழித்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

எல்லோருக்கும் ஒளிப் பாடம்தான். மேடத்தின் முனைவர் பட்ட ஆய்வு ஒளிப் பாடத்தைக் கற்பிப்பது பற்றியது, கல்லூரியின் மாதிரிப் பாடத்திட்டமும் அதுவே, அதைப் பார்த்து எழுதிக்கொண்ட மற்றக் கல்லூரிகளின் மாதிரியும் அதுவே. வேறு பாடம் எடுக்கத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் மாதிரி இல்லாத பாடத்துக்கு எப்படி மார்க் போடுவது என்று மேடம் கேட்பார். நியாயமான கேள்விதானே, நாங்கள் ஒளியை எடுத்துக்கொண்டோம்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தா இனாயத்துக்கு ராயப்பேட்டையில் பொத்தானும் லைனிங் துணியும் விற்கிற கடை. அங்கே துணி வாங்க வரும் ஒரு தாளாளர் அம்மா, பெருங்குடியில் இருக்கும் தன் பள்ளியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பி.எட். தேறினால் ஜூனில் சேரலாம். தேறுவதற்கு, பள்ளிப் பயிற்சியின் கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் ஒரே ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அதில் கோட்டைவிட்டால் மறுபடி மாதக்கணக்கில் பள்ளி, மறுபடி அதே பாடம், மறுபடி ஒளிச் சோதனைக்கு அதே மெழுகுவத்தி. ஜூன் போய்விடும், வேலையும் போய்விடும்.

மந்தைவெளியில் ஓர் உதவிபெறும் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். தலைமையாசிரியர் பத்ரிநாராயணன் சார், மயிலாப்பூர் மாடவீதிக்காரர், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், மேஜைமேல் ஐந்தாறு பித்தளை விருதுகள். அன்போடு வரவேற்றார்.

“வாங்கோம்மா. எங்க ஸ்கூல்ல ட்ரெய்னீஸுக்குன்னே ஒரு கிளாஸ் வெச்சிண்டிருக்கோம். செவன் பி. மத்த எடத்துலல்லாம் உங்களை எங்க வேணாலும் தள்ளி விட்டுடுவா. பசங்க படிச்சிண்டிருக்கற கிளாஸ்ல போய் நீங்க நின்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம் பாருங்கோ.”

“அப்ப செவன் பி-ல படிக்க மாட்டாங்களா சார்?”

“அவா ஒத்துழைப்பா,” என்றார்.

7-பி-யின் அறிவியல் ஆசிரியை தங்கபுஷ்பம் மிஸ், என் வழிகாட்டி. மூன்று அட்டைகளை என் கையில் கொடுத்தார். மூன்றிலும் நடுவில் ஓட்டை. மெழுகுவத்தியை ஏற்றி, ஓட்டைகளை நேராக வைத்தால் சுடர் தெரியும், ஓர் அட்டையை நகர்த்தினால் தெரியாது, ஆகவே ஒளி நேர்கோட்டில் செல்கிறது. எத்தனையோ பேர் கைபட்டு அட்டைகளில் மெழுகு அடையாகப் படிந்திருந்தது. வழிகாட்டல் அத்தோடு முடிந்தது. அவர் வருகைப்பதிவை அரசாங்க ஆப்பில் ஏற்றுவதற்காக போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிப் போய்விட்டார்.

வகுப்புக்குள் காலை வைத்ததும் நாற்பது பிள்ளைகளும் எழுந்து, “குட் மார்னிங் பி.எட். மிஸ்” என்றார்கள். சார்ட்டை எங்கே மாட்டுவது என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். முதல் பெஞ்சில் ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டிருந்த பெண் கையை நீட்டினாள்.

“ஆணி அங்க கீது மிஸ். மொதல்ல சார்ட்டைச் சுருட்டியே வெச்சிக்கோ. அப்பால தொறக்கணும்.”

அவள்தான் பவதாரிணி, வகுப்புத் தலைவி. பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவள், அப்பா கடலுக்குப் போகிறவர்.

நான் மனப்பாடம் செய்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். “நீங்க இருட்டுல நடந்து போறீங்க. உங்களுக்கு என்ன தேவைப்படும்?”

“டார்ச்சு மிஸ்,” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

இரண்டாவது கேள்வி எனக்கு மறந்துவிட்டது. பவதாரிணி சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் எடுத்துக்கொடுத்தாள். “டார்ச்சுலேர்ந்து இன்னா வருதுன்னு கேளு மிஸ். நாங்க வெளிச்சம்னு சொல்லுவோம். வெளிச்சத்துக்கு இன்னொரு பேரு இன்னான்னு கேளு. அப்பதான் ஒளி வரும். நேரா ஒளிக்குப் போவாத. போன மிஸ் போய்ட்டாங்க, மார்க்கைக் கொறச்சிட்டாங்க.”

“இந்தப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே நடத்தியாச்சா?”

“ஏழு மிஸ்ஸு, ரெண்டு சாரு நடத்திக்கீறாங்க.”

வேலைகளையும் பிரித்து வைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஜோயா என்று ஒரு பெண், அவள் சந்தேகம் கேட்பவள். ‘நிழல் ஏன் கருப்பாக இருக்கிறது’ என்பது அவளுடைய சந்தேகம், பதில் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஹஸன் என்று ஒரு பையன், அவன் தப்பாகப் பதில் சொல்பவன். எல்லோரும் சரியாகச் சொன்னால் சொல்லிக்கொடுத்து வந்த மாதிரி இருக்கும் என்று தலைமையாசிரியர் அவனை நியமித்திருந்தார். நான் “ஒளி எப்படிச் செல்லும்?” என்றதும் ஹஸன் எழுந்து, “வளைஞ்சி வளைஞ்சி போவும் மிஸ்” என்றான். அத்தனை உறுதியாகச் சொன்னான், எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து அவன் வகுப்பில் ஒரு சரியான பதிலும் சொன்னதில்லை. பரீட்சையில் அவன்தான் முதல் மார்க்.

“இப்ப நீ அவனைத் திட்டக் கூடாது மிஸ்,” என்றாள் பவதாரிணி. “நல்ல முயற்சின்னு சொல்லி முதுகைத் தட்டிக்குடுக்கணும்.”

தட்டிக்கொடுத்தேன்.

இப்படியே நாட்கள் போயின. காலையில் 7-பி-யில் ஒளி, மதியம் இன்னொரு கல்லூரிப் பையன் வந்து 7-பி-யில் ஒளி. மற்ற நேரங்களில் நான் தோரணம் கட்டினேன், விருந்தினருக்குச் சந்தனக் கிண்ணம் நீட்டினேன், விளையாட்டு விழாவில் சாக்குப் பந்தயத்துக்குச் சாக்கு எண்ணினேன். இவையெல்லாம் பயிற்சியின் பகுதி என்று என் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் பவதாரிணி அறிவியல் புத்தகத்தை விரித்துக்கொண்டு என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள். அடுத்த பாடத்துப் பக்கம். ஒரு பேட்டரி, இரண்டு ஒயர், ஒரு பல்பு படம் போட்டிருந்தது.

“மிஸ், இத்த எப்ப நடத்துவாங்க? எங்கூட்ல அப்பாவோட பழைய டார்ச்சு கீது. பல்பு, பேட்டரி எல்லாம் எடுத்து வெச்சிக்கீறேன். ஒயரு சீரியல் செட்டுலேர்ந்து அறுத்தேன். எரியவே மாட்டேங்குது.”

தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து காட்டினாள். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். தினமும் கொண்டுவருகிறாளாம், என்றைக்காவது யாராவது அந்தப் பாடத்தை நடத்தினால் கையில் இருக்கட்டும் என்று.

நான் தங்கபுஷ்பம் மிஸ்ஸிடம் போனேன். “மிஸ், பசங்களுக்கு அடுத்த பாடம் நடத்தலாமா?”

அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். “அடுத்த பாடமா? அதுக்கு நான் இருக்கேன்ல?”

“நீங்க எப்ப மிஸ் நடத்துவீங்க?”

“நீங்கள்லாம் போனப்புறம்.”

“நாங்க எப்ப போவோம் மிஸ்?”

“நீங்க போனா அடுத்த காலேஜ்லேர்ந்து வருவாங்க.” சொல்லிவிட்டு போனைக் கீழே வைத்தார். “வஜீஹா, நல்லா ட்யூன் ஆன கிளாஸும்மா இது. நடுவுல புதுசா எதையாவது சொல்லிக்குடுத்து கலைச்சிடாத. உனக்கு எக்ஸாம் வருது இல்ல?”

ஆமாம், எக்ஸாம் வந்துகொண்டிருந்தது. எனக்கு வேலை வேண்டும். பவதாரிணியிடம் “பார்க்கலாம்மா” என்றேன். அவள் துணியை முடிந்துகொண்டாள். அந்தச் சொல்லை அவள் முன்பே பலரிடம் கேட்டிருக்க வேண்டும்.

தேர்வுக்கு முதல் நாள் தலைமையாசிரியர் 7-பி-யை மட்டும் மரத்தடியில் உட்கார வைத்துப் பேசினார்.

“கொழந்தேளா, நீங்க நாளைக்கு டாக்டர் ஆகலாம், இன்ஜினியர் ஆகலாம், அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். இப்ப நீங்க ஒரு வகுப்பு. வகுப்பா இருக்கறதுதான் உங்க கடமை. நீங்க நன்னா பதில் சொன்னா ஒரு டீச்சர் உருவாறா. அந்த டீச்சர் எங்கயோ போய் ஆயிரம் பசங்களுக்குச் சொல்லிக்குடுப்பா. அது எவ்ளோ பெரிய தியாகம் பாருங்கோ. போன வருஷ செவன் பி இப்ப எய்ட்த் பி-ல இருக்கா. பாடம் தெரியறதோ இல்லியோ, கை தூக்கறா பாருங்கோ, பிரமாதம். ஏ செக்‌ஷன்ல ஒருத்தனுக்கும் அப்படித் தூக்க வராது.”

பிள்ளைகள் ஒரே சீராகக் கைதட்டினார்கள். அதற்கும் ஒத்திகை உண்டு.

மறுநாள் தேர்வாளர் வந்தார். முனைவர் சண்முகவேல், வெளியூரில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியர் அறையில் பொங்கல், வடை, டிகிரி காபி முடிந்து, 7-பி-யின் கடைசி பெஞ்சில் ஒரு பக்கம் ஜெயலக்ஷ்மி மேடம், மறு பக்கம் பத்ரிநாராயணன் சார், நடுவில் அவர் என்று அமர்ந்தார்கள். அந்த வாரத்தில் அவர் பார்க்கும் பதினோராவது ஒளிப் பாடம் இது. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்கள் மூடிக்கொண்டன.

“நீங்க இருட்டுல நடந்து போறீங்க,” என்று ஆரம்பித்தேன்.

எனக்காகப் பிள்ளைகள் பயந்துபோயிருந்தார்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. மிஸ் பாஸாக வேண்டுமே என்ற பதற்றம் அவர்களுக்கு. கேள்வியை முடிக்கவிடவில்லை. டார்ச்சு என்றார்கள், வெளிச்சம் என்றார்கள், மூச்சுவிடாமல் ஒளி என்றார்கள். நான் சார்ட்டைப் பிரிப்பதற்குள் ஒளி நேர்கோட்டில் சென்றுவிட்டது. ஹஸன் குதித்தெழுந்து “வளைஞ்சி போவும் மிஸ்” என்றான், மூன்று பேர் அவனைத் திருத்தினார்கள், அவனே தன் முதுகைத் தட்டிக்கொண்டான். ஜோயா நிழல் ஏன் கருப்பு என்று கேட்டு, பதற்றத்தில் பதிலையும் அவளே சொல்லி உட்கார்ந்தாள். வீட்டுப்பாடத்தைச் சேர்ந்து ஒப்பித்தார்கள். “நன்றி மிஸ்” என்று எழுந்து நின்றார்கள்.

நாற்பது நிமிடப் பாடம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மெழுகுவத்தியை நான் இன்னும் ஏற்றவில்லை.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். வகுப்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பவதாரிணி கையைத் தூக்கி, மெதுவாகக் கேட்டாள்.

“மிஸ், திரும்பவும் மொதல்லேர்ந்தா?”

கிண்டல் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். மறுபடி டார்ச்சு என்று சொல்லச் சொன்னால் சொல்லுவாள். பத்து முறை சொல்லச் சொன்னாலும் சொல்லுவாள். எனக்கு அழுகை முட்டியது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது. ஆண்டு முழுவதும் இந்தப் பெண்ணை இருட்டில் நடக்கவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பெருங்குடியாவது ஒன்றாவது, போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

“வேணாம். புத்தகத்தை எடுங்க. அடுத்த பாடம், மின்சுற்று,” என்றேன்.

தலைப்பை என் வாயால் சொல்லிவிட்டேன். ஜெயலக்ஷ்மி மேடத்தின் பேனா கீழே விழுந்து உருண்டது.

“பவதாரிணி, பையில இருக்கிறதை எடுத்துட்டு வா.”

அவள் ஓடி வந்தாள். டார்ச்சின் இரண்டு பேட்டரியையும் காகிதத்தில் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். பேட்டரியின் இரு முனையிலிருந்தும் வந்த இரண்டு ஒயரையும் பல்பின் அடியில் இருந்த ஈயப் பொட்டில் வைத்து அழுத்தினாள். எரியவில்லை. பேட்டரியைத் திருப்பிப் போட்டாள். எரியவில்லை. அவள் முகம் சுண்டிவிட்டது. “வூட்லயும் இப்டிதான் மிஸ்,” என்றாள்.

“ஏன் எரியல? யாராவது சொல்லுங்க.”

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். இதற்குப் பதில் யாருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. ஒருத்தன் பல்பு ஃப்யூஸ் என்றான், ஒருத்தி ஒயர் நீளம் போதாது என்றாள், ஜோயா தனக்கு உண்மையிலேயே பதில் தெரியாத ஒரு சந்தேகத்தைக் கேட்டாள். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. அந்தச் சத்தத்தில் தேர்வாளர் விழித்துக்கொண்டார்.

ஹஸன் எழுந்தான். தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான். “மிஸ், இப்ப நான் கரீட்டா சொல்லலாமா?”

“சொல்லுப்பா.”

“ரெண்டு ஒயரையும் ஒரே எடத்துல வெச்சா எப்புடி மிஸ்? உள்ள போற கரன்ட்டு வெளிய வர வழி வேணாமா? ஒண்ணை அடியில வெய்யி பவா, இன்னொண்ணை அந்த பித்தளை மேல வெய்யி.”

வைத்தாள். பல்பு எரிந்தது. மங்கலான மஞ்சள் வெளிச்சம்தான், ஆனால் 7-பி கத்திய கத்தலில் பக்கத்து 7-ஏ ஆசிரியர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். எனக்கு அந்தக் கணம் தேர்வு, வேலை எதுவும் நினைவில் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சத்தம் அடங்கியதும் தேர்வாளர் எழுந்து முன்னால் வந்தார். சரி, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

“எத்தனை நாள் ரிகர்சல்மா?”

“ரிகர்சலே இல்ல சார்.”

அவர் சிரித்தார். “தன்னடக்கம். முப்பது வருஷமா எத்தனையோ வகுப்பு பார்த்துட்டேன். குழந்தைங்க தெரிஞ்ச மாதிரி நடிக்கிறதை எல்லா எடத்துலயும் பார்த்திருக்கேன். தெரியாத மாதிரி இவ்வளவு இயல்பா நடிச்சு இங்கதான் பார்க்கிறேன். பல்பு எரியலன்னதும் அந்தப் பொண்ணு மூஞ்சி சுண்டினது பாருங்க, அது சாதாரணமா வராது. அதுக்கு முன்னாடி அந்த ஒளிப் பாடத்தை நாலு நிமிஷத்துல ரிவிஷன் பண்ணீங்களே, அற்புதம்.”

“ஆனா சார், தலைப்பை அவளே சொல்லிட்டா,” என்றார் ஜெயலக்ஷ்மி மேடம்.

“அதுவும் ஒரு உத்தி மேடம். எதிர்பாராம சொல்றது.”

“ஆமா சார், எதிர்பாராத உத்தி. நாங்க அதையும் சொல்லிக்குடுக்கிறோம்,” என்றார் மேடம். “வஜீஹா என்னோட ஸ்டூடன்ட்.” கல்லூரியில் தொலைந்த என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது அப்போதுதான்.

கல்லூரியிலேயே அதிக மார்க் எனக்கு. அத்தா கடையில் வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். பெருங்குடி தாளாளர் அம்மா, ஜூன் முதல் தேதியே வந்துவிடச் சொன்னார். மேடம் மாதிரிப் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார். இனி ஒளி இல்லை, மின்சுற்று. சாய்சரணை அழைத்து, பல்பு எரியாதபோது எப்படி முழிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டச் சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து பத்ரிநாராயணன் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் வருகைச் சான்றிதழில் அவர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, அது இல்லாமல் பட்டம் வராது. அது மேஜைமேல், அவருடைய பித்தளை விருது ஒன்றின் அடியில் இருந்தது.

“அடுத்த வாரம் புது பேட்ச் வறது. எல்லாருக்கும் உங்க மின்சுற்றுதான் வேணுமாம். போறதுக்கு முன்னாடி செவன் பி-யை ஒரு தடவை செட் பண்ணிக் குடுத்துட்டுப் போயிடுங்கோ. பல்பு மொதல் தடவை எரியப்படாது. ரெண்டாந்தடவையும் எரியப்படாது. அந்தப் பொண்ணு மூஞ்சி சுண்டணும். பல்பு ஃப்யூஸ்னு ஒருத்தன் சொல்லணும். அப்பறம் அந்தப் பையன் எழுந்து, கரீட்டா சொல்லலாமான்னு கேக்கணும். அந்த எடம் ரொம்ப நன்னா இருந்தது.”

“சார், அதுக்கு அடுத்த பாடம்…”

“கையெழுத்து இன்னிக்கே வேணுமா, நாளைக்குப் போறுமா?” என்றார், மிக அன்பாக.

7-பி-க்குப் போனேன். எல்லோரும் எழுந்து “குட் மார்னிங் மிஸ்” என்றார்கள். பி.எட். என்பதைச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் சொன்னதைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பவதாரிணி வந்து பேட்டரியை எடுத்தாள், ஒயரைப் பிடித்தாள். பல்பு எரிந்தது.

“எரியக் கூடாதும்மா,” என்றேன்.

தலையாட்டினாள். ஒயரை எடுத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, திரும்ப வைத்தாள். மறுபடியும் எரிந்தது. இன்னும் ஒரு முறை வைத்தாள். அப்போதும் எரிந்தது. பிறகு எரிகிற பல்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கை தன்னால கரீட்டா போவுது மிஸ். எனக்கு இது தெரிஞ்சிப்போச்சு. தெரியாத மாரி இருக்கறது எப்புடின்னு நீ சொல்லிக்குடு.”